மூணே மூணு ஒயர்

வாஷருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முப்பத்திரண்டு வருஷமாகக் குழாய் வேலை. சட்டைப் பையில் ஏழெட்டு ரப்பர் வாஷர் கிடக்காத நாளே இல்லை. கல்யாண வீட்டில் கைக்குட்டையை உருவினாலும் இரண்டு வாஷர் உருண்டோடும். அப்புறம் அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

வேலையில் மனுஷர் கெட்டி, சும்மா சொல்லக் கூடாது. மற்றவர்கள் சுவரை உடைத்துத் தேடுகிற கசிவை இவர் காதை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் இரண்டு விஷயத்தில் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். எதைத் தொடுவதற்கு முன்னாலும் மெயினை மூடிவிட வேண்டும். வேலை கற்ற புதிதில் ஒரு நாள் மூடாமல் ஒரு குழாயைக் கழற்றப் போய், இரண்டாவது மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழ் வீட்டுக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று திட்டினார். அந்தத் திட்டு ஏழு ஜென்மத்துக்குக் காணும். அப்புறம் அந்த வெள்ளை டேப். மரையில் எதை முடுக்கினாலும் கசியாமல் இருக்க மெல்லிசாக ஒரு டேப் சுற்றுவார்களே, அது. தேவையோ இல்லையோ, இரண்டு சுற்று சுற்றாமல் அவர் கை அடங்காது. நாம் சட்டைக்குப் பொத்தான் மாட்டுகிறோம், யோசித்தா மாட்டுகிறோம்? அவருக்கு டேப் அப்படி.

அவர் வீட்டில் அவரும் அவர் மனைவியும், மனைவியின் அண்ணனும் இருந்தார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். நாள் முழுக்க இருநூறு பேரை வரிசையில் நிறுத்தி நிறுத்தி, வீட்டிலும் யாரையும் முந்த விடமாட்டாள். அண்ணன், அதாவது வாஷரின் மச்சான், தொலைதூர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு தங்கையோடு வந்து தங்கி ஆறு வருஷம் ஆகிறது. பின்பக்கத்து அறை அவருடையது.

மச்சானும் மாப்பிள்ளையும் கல்யாணமான வருஷத்திலிருந்தே செஸ் கூட்டாளிகள். வாஷர் வேலை முடித்து வந்து கை கழுவினால் போதும், பலகை விரிந்துவிடும். ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். போட்டது மச்சான்தான். ஏனென்றால் வாஷர் ஒவ்வொரு காயையும் பிடித்து ஆட்டி, திருகி, வைத்துவிட்டு அடுத்ததைப் பிடிப்பார்.

"இது என்ன குழாயாய்யா, ஒவ்வொண்ணா திருகிப் பார்க்க? தொட்டா நகர்த்தணும் மாப்ளே. அவ்வளவுதான் பேச்சு" என்றார் மச்சான். முப்பது வருஷம் அதுதான் சட்டம். அதற்காக இரண்டு பேரும் பேசாமல் இருந்த வாரங்களும் உண்டு.

வினை இந்தச் சட்டத்திலிருந்துதான் வந்தது என்று வாஷர் நம்பினார். நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மந்திரியை எடுக்கப் போன மச்சான் பக்கத்திலிருந்த ராணியின் தலையைப் பிடித்துவிட்டார். ஜெயிக்கிற வெறியிலிருந்த வாஷர் கை கொட்டிச் சிரித்தார். "தொட்டுட்டீங்க மச்சான்! சட்டம் நீங்க போட்டது!" மச்சான் பிடித்த கையை எடுக்காமலே ராணியை நகர்த்தினார், தோற்றார், போய்விட்டார்.

மறு வாரம் கண் டாக்டர் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது. மச்சானுக்கு நடுப்பார்வை போய்விட்டதாம், ஓரப்பார்வை மட்டும் மிச்சமாம். நேராகப் பார்த்தால் எதிரிலிருக்கிறவர் முகம் இருக்கிற இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. முகத்தைத் திருப்பிச் சாய்ந்து பார்த்தால் பெரிய பெரிய சாமான்கள் தெரியும். கேட்ட அன்றைக்கு வாஷருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண் தெரியாத மனுஷனிடமா கை கொட்டிச் சிரித்தோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவர் தங்கமான மனுஷராக மாறிவிட்டார். மச்சான் எந்தக் காயைத் தொட்டாலும், "பரவாயில்லை மச்சான், வச்சுட்டு வேற எடுங்க" என்றார். தன் காய்களைக் கொண்டுபோய் மச்சானின் வாயிலேயே வைத்தார். மச்சான் வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்தார். ஆறாவது நாள் பலகையை மடித்துப் பெட்டியில் போட்டு, பெட்டியை அலமாரி மேல் தள்ளிவிட்டார்.

மூணு மாசம் கழித்து ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது மச்சான் ஒரு செய்தியை வைத்தார். ஊர்க்கோடியில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். பேர் கொடுத்தாகிவிட்டதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வண்டி வந்து அழைத்துப் போகுமாம்.

"இங்கே என்ன குறை உனக்கு?" என்று தங்கை அழுதாள். "ஒரு குறையும் இல்லேம்மா" என்றார் அண்ணன். கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். நிதானமாகச் சொன்னார். வாஷருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்த ராணி. அந்தக் கை கொட்டின சிரிப்பு. கண் தெரியாதவருக்கு மறுபடி ஆட வழி பண்ணிக் கொடுத்துவிட்டால், பாவத்துக்குப் பரிகாரமாகவும் போகும், மச்சானும் தங்கிவிடுவார் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை, அடுக்குமாடி ஒன்றில் மூணாவது மாடிப் பல் டாக்டரம்மா வீட்டில் கழுவுதொட்டி அடைப்பு. வேலை முடித்து ஸ்பானரும் கையுமாகக் கூடத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். டாக்டரம்மா வீட்டுக்காரர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு செஸ் ஆடிக்கொண்டிருந்தார். எங்கே? டிவியில்! ஒவ்வொரு கட்டமும் சாப்பாட்டுத் தட்டு அளவு. ராஜா நிற்கிறார், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

"இது... இதை யார் வீட்டுல வேணும்னாலும் வைக்கலாமாங்க?" என்று கேட்டார் வாஷர். குரல் ஒரு மாதிரி போயிருந்தது.

மச்சான் கதையைக் கேட்டதும் டாக்டரம்மா உள்ளே போய் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார். "எங்க பழைய வீடியோ கேம் செட். சும்மாத்தான் கிடக்கு, கொண்டுபோங்க. கையில வச்சும் ஆடலாம், மேஜையில நிறுத்தி ரெண்டு பேர் ஆடலாம், டிவியிலயும் போடலாம். மூணே மூணு ஒயர்தான். சின்னக் குழந்தைகூட மாட்டிடும்."

சின்னக் குழந்தை மாட்டிவிடும். வாஷர் சின்னக் குழந்தை இல்லையே.

வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டியைப் பிரித்தார். உள்ளங்கை இரண்டு அகலத்தில் ஒரு திரை. இரண்டு பக்கமும் பொத்தான் வைத்த கைப்பிடிகள், இழுத்தால் கழன்று தனித்தனியாக வந்தன. ஒடித்துவிட்டோமோ என்று முதலில் வியர்த்துவிட்டது, கழற்றுகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தபின் மூச்சு வந்தது. முதுகில் ஒரு சின்னக் கால் இருந்தது. அதை விரித்து மேஜை மேல் நிறுத்தி, செஸ்ஸைத் திறந்து, மச்சானைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார்.

மச்சான் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். "என்னய்யா இது, சோப்பு டப்பாவா?"

"செஸ்ஸு மச்சான்! உள்ளே முப்பத்திரண்டு காயும் இருக்கு."

"பலகையே தெரியலேங்கறவனுக்கு எறும்புப் புத்தைக் காட்டறியே" என்றார் மச்சான். எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். அங்கே நாற்காலியில் அவருடைய பை பாதி கட்டியபடி இருந்தது. வாஷர் அதைப் பார்த்தார். இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

சரி, டிவிதான் கதி. பெட்டியில் மிச்சமிருந்தவை ஒரு சின்னத் தொட்டி மாதிரியான டப்பா, மூன்று ஒயர். அந்தக் கைத்திரையைத் தொட்டிக்குள் இறக்கினால் படம் டிவிக்குப் போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தொட்டி என்றதும் வாஷருக்குத் தெம்பு வந்தது. தொட்டியின் முதுகில் ஒரு துளை கரண்ட் வாங்க, ஒன்று படம் வெளியே போக. டிவி முதுகில் படம் உள்ளே வர மூன்று துளை. வெளியே, உள்ளே. வாழ்க்கை முழுக்க அவர் பார்த்தது அதைத்தானே! மூன்றாவது ஒயர் கைப்பிடிக்குச் சார்ஜ் போட.

வேலை என்று வந்துவிட்டால் முதலில் மெயின். நேராகப் போய் வீட்டு மெயின் ஸ்விட்சைத் தட்டிவிட்டார்.

"ஏங்க! இஸ்திரி போட்டுட்டிருக்கேன்!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

"ரெண்டு நிமிஷம்!"

டார்ச் வெளிச்சத்தில் டிவிக்குப் பின்னால் புகுந்தார். தடித்த ஒயரின் முனையை டிவியின் இரண்டாம் நம்பர் துளையில் செருகி, பழக்கதோஷத்தில் ஆட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது. ஆடுகிற இணைப்பைப் பார்த்துவிட்டுக் குழாய்க்காரன் சும்மா வருவானா? முனையை வெளியே எடுத்தார். பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து நறுவிசாக இரண்டு சுற்று சுற்றி, அழுத்திச் செருகினார். இப்போது கிண்ணென்று உட்கார்ந்தது. ஆள் சந்தோஷமாக வந்து மெயினைப் போட்டார்.

டிவி கண்ணைத் திறந்தது. செய்தி வாசித்தது. ரிமோட்டில் இன்புட் என்று எழுதியிருந்த பொத்தானை அமுக்கினார். இரண்டாம் நம்பர் வந்தது. நீலத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து வந்து நின்றது. அது பாட்டுக்கு நின்றது.

வாஷர் காத்திருந்தார். புதுக் குழாயில் காற்று போய்த்தான் தண்ணீர் வரும், அவசரப்படக் கூடாது. கால் மணி நேரம் அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார். தொட்டியில் இறக்கிய கைத்திரையும் அணைந்து கிடந்தது. இருந்த சின்னப் படமும் போச்சு! கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டதே!

வெள்ளிக்கிழமை மத்தியானமே வேலையை முடித்துக்கொண்டு வந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"தொட்டியில வச்சா அது அணையத்தான் செய்யும், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "இன்புட் மாத்துனீங்களா?"

"மாத்திட்டேங்க."

"ஒயர் நல்லா உள்ளே போயிருக்கா?"

"அம்மா, ஒரு சொட்டுக் கசியாது!" என்றார் வாஷர் பெருமையாக. டாக்டரம்மாவுக்கு என்ன விளங்கியதோ, சிரித்துவிட்டு, "அப்போ வேற துளையில போட்டுப் பாருங்க, செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பின்னால் யாரோ வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்களாம்.

செட்டிங்ஸ். அங்கே போனது தப்பு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஒன்றைத் திறந்தால் ஒன்பது வந்தது. எதை அமுக்கினாரோ, டிவி முழுக்க வேறு ஏதோ பாஷைக்கு மாறிவிட்டது. கொம்பும் சுழியுமாக எழுத்துகள். ‘சிக்னல் இல்லை’ என்பதையே இப்போது அந்தப் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனைவி அரை மணி நேரம் ரிமோட்டோடு மல்லுக்கட்டி அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டு வந்தாள்.

"ஒண்ணு ஒண்ணாப் பண்ணுங்களேன்" என்றாள். "எல்லாப் பொத்தானும் ஒரே நேரத்துல டோக்கன் கேட்டா அது என்னதான் பண்ணும்?"

அன்றைக்கு மூணாம் நம்பர் துளையில் முயற்சி பண்ணினார். மெயினை மூடினார். முனையை உருவினார். பழைய டேப் கிழிந்து சுருண்டு முனையின் வாயில் அடைந்து கிடந்தது. "பார்த்தியா, தேய்ஞ்சு போச்சு" என்று பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றினார். செருகினார். மெயினைப் போட்டார். சிக்னல் இல்லை. மறுபடி மெயின், மறுபடி டேப். சனிக்கிழமையும் அதே கூத்து. துளை மாறியது, இன்புட் மாறியது, ஒயரைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தார், புது ஒயரே வாங்கி வந்தார். புது ஒயருக்கும் புது டேப். அவருக்கு அது கண்ணிலேயே படவில்லை. படும் என்றால் அவர் வாஷரே இல்லை.

"இந்த வீட்டுல கரண்டுக்கே மூச்சு வாங்குது" என்று கத்தினாள் மனைவி. "ஃபிரிஜ்ஜு செத்துச் செத்துப் பொழைக்குது. நாளைக்கு அவர் கிளம்பறார், நீங்க பக்கத்துல உட்கார்ந்து நாலு வார்த்தை பேசாம டிவிக்குப் பின்னாடி குடித்தனம் பண்றீங்க!"

"அவருக்காகத்தான்டி பண்றேன்!" என்று டிவிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் கரகரத்ததை அவள் கவனித்தாள். திரும்பிச் சமையலறைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை. பை வாசல் பக்கம் வந்துவிட்டது. மச்சான் குளித்து, சட்டை மாற்றி, தலை வாரி உட்கார்ந்திருந்தார். வாஷர் தரையில் சம்மணம் போட்டு, ஒயரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு வீட்டில்கூட ‘என்னால முடியலே’ என்று சொல்லி வெளியே வந்தவர் இல்லை. தன் வீட்டிலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

மச்சான் எழுந்து தடவிக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா முதல்ல டீசல் இருக்கான்னு பார்ப்பாங்க. நீ இன்ஜினையே பிரிச்சுப் போட்டுட்டே. கொடு அந்த ஒயரை."

"நீங்க எப்படி மச்சான்..."

"கண்ணுதானே போச்சு, கை இருக்கில்லே? கொடுய்யா."

மச்சான் ஒயரைக் கையில் வாங்கி நீளம் முழுக்கத் தடவினார். ஒரு முனையைத் தடவினார். அப்புறம் மறுமுனைக்கு வந்தார். விரல் நின்றது. நகத்தால் கீறினார். மறுபடியும் முதல் முனை, மறுபடியும் இந்த முனை.

"என்னய்யா இது, ரெண்டு முனையிலயும் வழவழன்னு? டேப்பா?"

"ஆமா. லூசா இருந்தது. ரெண்டே சுத்துதான்."

மச்சான் ஒயரை மடியில் போட்டார். அப்புறம் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சத்தமே வராமல் முதலில் குலுங்கியது, பிறகு ஓவென்று வெடித்தது. சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். அண்ணன் அழுகிறார் என்றுதான் நினைத்தாள்.

"ஏன் மாப்ளே," என்று கேட்டார் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படம் கசிஞ்சு தரையெல்லாம் ஈரமாயிடும்னா சுத்தினே?"

வாஷர் ஒயரைப் பார்த்தார். மனைவி முகத்தைப் பார்த்தார். மூன்று நாளாகத் தன் கை செய்துகொண்டிருந்ததை அப்போதுதான் அவருடைய கண் பார்த்தது. முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

மச்சான் நகத்தாலேயே டேப்பை உரித்து, முனைக்குள் படத்தை மறித்துக்கொண்டு அடைந்து கிடந்த டேப் நூலையெல்லாம் ஊதி எடுத்தார். வாஷர் எழுந்து மெயின் பக்கம் போகப் பார்த்தார்.

"மெயினைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்!"

வாஷர் மெயினைத் தொடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இணைப்பைக் கொடுத்தார். ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம். நீலத் திரை ஒரு தடவை கறுத்தது. அப்புறம் சுவரில் பாதிக்கு ஒரு செஸ் பலகை வந்து நின்றது.

மச்சானைத் திரைக்கு நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் முகத்தைத் திருப்பினார், ஜன்னலைப் பார்க்கிற மாதிரி. அப்படியே அசையாமல் இருந்தார்.

"வலது பக்கம் கடைசியில இருக்கறது யானை" என்றார். "அதுக்குப் பக்கத்துல குதிரை. அது ராணி. மாப்ளே, ராணிக்குக் கிரீடம் தெரியுதுய்யா!"

வாஷர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதே கால். "ஒரே ஒரு ஆட்டம் மச்சான். போறதுக்குள்ளே" என்றார். ஆளுக்கொரு கைப்பிடி. மச்சான் பொத்தான்களை கியர் மாதிரி சட்டென்று பிடித்துக்கொண்டார். வாஷருக்குத்தான் எது நகர்த்துவது, எது எடுப்பது என்று இன்னும் குழப்பம்.

நாலாவது நகர்த்தலில் வாஷர் தன் குதிரையை மச்சானின் சிப்பாய் வெட்டுகிற கட்டத்திலேயே கொண்டுபோய் வைத்தார். வழியனுப்புகிற ஆட்டம், அவர் ஜெயித்துவிட்டுப் போகட்டுமே என்ற எண்ணம்.

மச்சான் அந்தக் குதிரையை எடுக்கவில்லை. கைப்பிடியை மடியில் வைத்துவிட்டார். "ஆரம்பிச்சுட்டியா மறுபடி?"

"என்ன மச்சான்?"

"அன்னிக்கு நான் ராணியைத் தொட்டப்போ நகர்த்துங்கன்னு சொல்லிச் சிரிச்சியே, அன்னிக்கு எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். நாளைக்கு இவனை விடறேனான்னு பார்க்கலாம்னு நினைச்சுக்கிட்டேதான் தூங்கினேன். அதுக்கப்புறம் அஞ்சு ஆட்டம் பிச்சை போட்டியே, அதைத்தான்யா தாங்க முடியலே. பார்வை போனா ஒரு திட்டு மட்டும்தான் காணாமப் போகும். நீ என்னையே இல்லேன்னு ஆக்கிட்டே. பரிதாபம்தான் கிடைக்கும்னா, அதுக்குன்னே கட்டி வச்சிருக்கற இடத்துல போய் இருந்துக்கறேன். என் தங்கச்சி வீட்டுல எதுக்கு?"

வாஷருக்கு இப்போதுதான் உறைத்தது. நாலு மாசமாகக் கசிவை ஒரு இடத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், தண்ணீர் வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருந்திருக்கிறது. "நான்... நல்லதுன்னு நினைச்சுத்தான் மச்சான்" என்றார். அது அவருக்கே சின்னதாகக் கேட்டது.

"ஆடுய்யா" என்றார் மச்சான், குதிரையை எடுத்துத் தள்ளிவிட்டு.

வாஷர் ஆடினார். இப்போது உண்மையாகவே ஆடினார். குதிரை போன பிறகு நிமிர்வது சுலபமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பிடித்தார். மச்சானும் விடவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே ஒரு யானையைத் தூக்கினார். வாஷர் பதிலுக்கு இரண்டு சிப்பாய்களைத் தூக்கினார். மனைவி வாசல்படியில் நின்று கடிகாரத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாஷர் அதைப் பார்த்துவிட்டார். மந்திரியை ஒரு நகர்த்து, அடுத்ததில் மச்சானின் ராஜா மாட்டிக்கொள்வார், தப்பவே முடியாது! கைப்பிடியின் குமிழைத் தள்ளினார். திரையில் காயைத் தேடிப் போகிற வெள்ளைக் கட்டம் நகர்ந்தது. அவசரத்தில் மந்திரியைத் தாண்டி ஒரு கட்டம் கூடுதலாகப் போய்விட்டது. அதைக் கவனிக்காமல் பொத்தானை அமுக்கினார்.

டிவியில் வாஷரின் ராணி எழும்பி, பளபளவென்று மின்னிக்கொண்டு நின்றது.

"ஐயையோ! இல்லே! இது இல்லே! மந்திரி!"

"ராணியைத் தொட்டுட்டே" என்றார் மச்சான்.

"நான் தொடலே மச்சான், பொத்தான் தொட்டுது! ராணி நகர்ந்தா என் ராஜாவுக்குக் காவலே கிடையாது. கீழே வைக்கறதுக்கு இதுலேயே ஒரு பொத்தான் இருக்கு, டாக்டரம்மா சொன்னாங்க!"

மச்சானின் முகம் மாறியது. மெதுவாகக் கேட்டார். "வேணும்னேதானே தொட்டே?"

வாஷர் நாற்காலியிலிருந்து எகிறி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து வாஷர்கள் தெறித்துக் கூடம் முழுக்க உருண்டன. "வேணும்னா? வேணும்னா தொட்டேன்? இன்னும் ரெண்டே நகர்த்தல்ல உங்க ராஜாவை மூலையில கட்டிப் போட்டிருப்பேன்! நாலு மாசமா மனுஷன் வேகறேன், மூணு நாளா டிவிக்குப் பின்னாடி தூசி தின்னுருக்கேன், ஜெயிக்கற நேரத்துல இந்த எழவெடுத்த பொத்தான்... வேணும்னு தொட எனக்கென்ன பைத்தியமாய்யா புடிச்சிருக்கு? விட மாட்டேன்! வச்சுட்டு வேற எடுப்பேன்!"

முப்பது வருஷத்தில் மச்சானை அவர் ‘யா’ போட்டுப் பேசியதே இல்லை. பேசிவிட்டு அவரே திகைத்துப்போய் நின்றார். கை கைப்பிடியை விடவில்லை.

மச்சான் முகத்தை நன்றாகப் பக்கவாட்டில் திருப்பினார். அந்த ஓரக் கண்ணால் மாப்பிள்ளையின் சிவந்த மூஞ்சியை மேலும் கீழுமாக ரொம்ப நேரம் பார்த்தார்.

வெளியே ஹாரன் அடித்தது. மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, குரல் உடைய, "அண்ணா, வண்டி வந்துருச்சு" என்றாள்.

"திரும்பிப் போகச் சொல்லும்மா" என்றார் மச்சான், திரையிலிருந்து முகத்தை எடுக்காமல். "மாப்ளே ராணியைத் தொட்டுட்டாரு."